இன்றைக்கு ஆடவில்லை என்று அவனால் சொல்ல முடியுமா?

எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருப்பவர் ஒரு அக்கா. தம்பிக்கு 19 வயது, பொழுது முழுக்க மொபைலில் கேம். இப்போது ஒரு அணி அவனைக் கூப்பிடுகிறது. பெங்களூரில் வீடு எடுத்துத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, மாதம் 12,000 ரூபாய் தருவார்களாம். காலை 11 மணியிலிருந்து இரவு 11 மணி வரை பயிற்சி. அப்பா "விளையாடுறதெல்லாம் ஒரு வேலையா" என்று ஒரே பிடியாக நிற்கிறார். வீடியோ கேம் ஆடுவதைச் சம்பளத்துக்குரிய வேலை என்று எண்ணலாமா கூடாதா, இதுதான் கேள்வி.

எண்ணலாம், ஆனால் எல்லா ஆட்டத்தையும் இல்லை. அது வேலையா என்பதற்கான விடை விளையாட்டுக்குள் கிடைக்காது. ஒரே கேமை ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆடுவார்கள், ஒருவருக்கு அது பொழுதுபோக்கு, அடுத்தவருக்குக் கூலி. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: "இன்றைக்கு மனசில்லை, ஆடவில்லை" என்று அவரால் சொல்ல முடியுமா? சொன்னால் யாருக்காவது நஷ்டம் வருமா, நஷ்டப்பட்டவர் அவரை வெளியே அனுப்பவோ பணத்தைப் பிடிக்கவோ முடியுமா? முடியும் என்றால் அது வேலை. அதன் பிறகு சம்பளம், நேரம், விடுப்பு எல்லாம் பேசித்தான் ஆகவேண்டும். ஆடுகிறவருக்கு அது பிடித்திருக்கிறது என்பதால் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பாட்டு பிடித்துத்தான் பாடகர் பாடுகிறார், அவருக்கு நாம் சம்பளம் தராமல் இருப்பதில்லையே.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. 24 வயதில் ஒரு கேம் டெஸ்டிங் நிறுவனத்தில் 14 மாதம் இருந்தேன். ஏஜென்சி மூலம் ஒப்பந்த ஆள். வெளியில் இருப்பவர்களுக்கு அது சொர்க்கம், கேம் ஆடக் காசு தருகிறார்களே! உள்ளே நடந்தது என்னவென்றால், ஒரு ரேஸ் கேமில் ஒரே ஒரு தடம் என் பொறுப்பு. அந்தத் தடத்தின் ஒவ்வொரு தடுப்பிலும் காரைக் கொண்டுபோய் மூன்று வேகத்தில் இடிக்க வேண்டும். சக்கரம் சுவருக்குள் புதைகிறதா, கார் தரையைத் துளைத்து விழுகிறதா, கேமரா உறைகிறதா என்று பார்த்து, படம் எடுத்து, எப்படிச் செய்தால் அந்தப் பிழை மறுபடி வரும் என்பதைப் படிப்படியாக எழுத வேண்டும். மறுநாள் கேமின் புதுப் பதிப்பு (பில்ட் என்பார்கள்) வரும், நேற்று சரிசெய்தது இன்று எதையாவது கெடுத்திருக்கும், அதனால் முதல் தடுப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பம். வெளியீட்டுத் தேதி நெருங்கியபோது ஒரு மாதத்துக்கு மேல் தினமும் 13 மணிநேரம். ஓவர்டைம் கேட்டதற்கு மேலாளர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "கேம் ஆடுறதுக்கு ஓவர்டைம் வேற வேணுமா?" அந்தப் பணம் கடைசி வரை வரவில்லை. 'விளையாட்டு' என்ற சொல் கூலியைக் குறைக்க எவ்வளவு வசதியான சொல் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கால் ஆஃப் டியூட்டி கேமில் வேலை செய்த ரேவன் சாஃப்ட்வேர் என்ற ஸ்டுடியோவில் 2021 டிசம்பரில் டெஸ்டர்கள் சிலரைத் திடீரென்று நிறுத்தினார்கள். மற்றவர்கள் வெளிநடப்பு செய்தார்கள், அது வாரக்கணக்கில் நீண்டது, 2022 மே மாதம் வாக்கெடுப்பு வைத்து 19-க்கு 3 என்ற கணக்கில் சங்கம் அமைத்தார்கள். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அந்த நாட்டின் பெரிய கேம் நிறுவனம் ஒன்றுக்குள் அமைந்த முதல் சங்கமே இந்த டெஸ்டர்களுடையதுதான். கேம் உலகில் மிகக் குறைவாக மதிக்கப்பட்டவர்கள், "சும்மா ஆடுறவங்க".

சரி, டெஸ்டருக்காவது நிறுவனம் இருக்கிறது, மேலாளர் இருக்கிறார். அவரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதில் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. சிக்கலான இடத்துக்கு வருகிறேன்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் 2004 நவம்பரில் வந்தது. அதில் தங்கம் சேர்க்க ஒரே அரக்கனை நூறு தடவை கொல்ல வேண்டும், ஒரே மலையை நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். வேலைக்குப் போகும் அமெரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் அதற்கு நேரமில்லை, கையில் காசு இருந்தது. அந்த இடைவெளியில் சீனாவில் ஒரு தொழிலே முளைத்தது. கோல்ட் ஃபார்மிங் என்பார்கள். வரிசையாகக் கணினி போட்ட ஒரு கூடம், பக்கத்திலேயே தங்குமிடம், இளைஞர்கள் ஷிஃப்ட் போட்டு ஆடுவார்கள். நான்ஜிங் நகரத்தில் அப்படி ஒரு கூடத்தைப் பற்றி 2007-ல் வந்த பத்திரிகைச் செய்தியில் ஒரு இளைஞரின் கணக்கு இருந்தது: வாரம் ஏழு இரவு, இரவுக்கு 12 மணிநேரம். நூறு தங்கக் காசு சேர்த்தால் அவருக்கு 10 யுவான், அதாவது அன்றைக்கு ஒன்றேகால் டாலர். மணிக்கணக்கில் பார்த்தால் சுமார் 30 சென்ட். அதே நூறு காசை முதலாளி மூன்று டாலருக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ விற்பார், கடைசியில் வாங்கும் அமெரிக்க ஆட்டக்காரர் 20 டாலர் வரை கொடுப்பார். பருத்தியோ தேயிலையோ பறிப்பவரின் கைக்கு வருவதும் கடை விலையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். இங்கே பறித்தது கற்பனைத் தங்கம், மற்றபடி அதே சங்கிலிதான். 2011-ல் உலக வங்கியின் இன்ஃபோடெவ் பிரிவு வெளியிட்ட அறிக்கை இந்த வகைச் சேவைகளின் 2009 வருவாயைச் சுமார் 300 கோடி டாலர் என்று மதிப்பிட்டது.

அதே 2011-ல் சீனாவின் ஹெய்லாங்ஜியாங் மாகாணத்தின் ஜிக்ஸி தொழிலாளர் முகாமில் இருந்த ஒரு முன்னாள் கைதி பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றிடம் பேசினார். பகலில் கல்லுடைப்பு, இரவில் கேம் ஆடித் தங்கம் சேர்ப்பது. குறித்த அளவு சேராவிட்டால் பிளாஸ்டிக் குழாயால் அடி விழும் என்றார். அவர் சொன்னதைப் படித்த பிறகு "கேம் ஆடுவது எப்படி வேலையாகும்" என்ற வாதத்தை என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை. கொத்தடிமை வேலையாகவே அது ஆக முடியும்போது கூலி வேலையாக ஏன் ஆகாது?

இங்கே ஒரு மறுப்பு வரும். "அவரவர் விருப்பப்பட்ட நேரத்தில் ஆடுகிறார்கள், சேர்த்த அளவுக்குக் காசு வாங்குகிறார்கள், இதில் முதலாளி தொழிலாளி எங்கே வந்தது" என்பார்கள். நம் நாட்டுச் சட்டம் இந்தக் கேள்வியைக் கணினி வருவதற்கு முன்பே சந்தித்திருக்கிறது. குஜராத்தின் த்ராங்கத்ரா பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களின் வழக்கு அது. நிறுவனம் ஆளுக்கொரு பாத்தியைக் கொடுக்கும். வேலை நேரம் என்று எதுவும் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, குடும்பத்தோடு இறங்கி வேலை செய்யலாம், கூலிக்கு ஆளும் வைத்துக்கொள்ளலாம். விளைந்த உப்புக்கு மணங்குக்கு இவ்வளவு என்று காசு. "இவர்கள் ஒப்பந்தக்காரர்கள், எங்கள் தொழிலாளிகள் இல்லை" என்றது நிறுவனம். உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. கிணறு தோண்டுவதிலிருந்து உப்பு அள்ளுவது வரை வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை மேற்பார்த்து நடத்துவது நிறுவனம்தான், எனவே இவர்கள் தொழிலாளர்களே என்றது. 1957-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது, தொழிலாளர் சட்டம் படிக்கிறவர்கள் முதலில் படிக்கும் வழக்குகளில் ஒன்று. எண்ணிக்கைக் கூலி என்பதாலோ, நேரம் நம் கையில் என்பதாலோ மட்டும் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. நான்ஜிங் கூடத்தில் இருந்த இளைஞரையும் இந்த அகரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியென்றால் ஆடுகிற எல்லோருக்கும் சம்பளம் வேண்டுமா? இப்படியும் சிலர் வாதிடுகிறார்கள், அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இலவச கேம்களில் காசு செலவழிப்பவர்கள் மிகச் சிலர். மீதிப் பேர் எதிராளியாக நின்றால்தான் அந்தச் சிலருக்கு ஆட்டமே சுவைக்கும், ஆகவே இலவசமாக ஆடுகிறவரும் நிறுவனத்துக்குச் சரக்குதான் என்பது வாதம். உண்மை. ஆனாலும் நான் அதை வேலை என்று எண்ண மாட்டேன், ஏனென்றால் அவர் இன்றைக்கே அந்த ஆப்பை அழித்துவிட்டுத் தூங்கப் போகலாம், யாரும் தேடி வரப்போவதில்லை. லாபம் எங்கேயோ போகிறது என்பது மட்டும் போதாது, கட்டுப்பாடும் வேண்டும்.

ஆடுகிற எல்லோருக்கும் காசு என்று நிஜமாகவே ஒரு கேம் செய்து பார்த்தது. அது எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "ஆடிச் சம்பாதி" என்று நம் பிள்ளைகளிடம் வரும் அழைப்புகளில் பல இதே அச்சில் வார்த்தவை.

ஆக்ஸி இன்ஃபினிட்டி. வியட்நாமைச் சேர்ந்த ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் கேம். ஆட வேண்டுமென்றால் முதலில் மூன்று ஆக்ஸிகளை, அதாவது சின்னச் சின்ன டிஜிட்டல் பிராணிகளை, விலைக்கு வாங்க வேண்டும். ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன், அதாவது ஒருவகை கிரிப்டோ காசு, கிடைக்கும், அதைக் காசாக மாற்றலாம். கொரோனா ஊரடங்கில் வேலை போன பிலிப்பைன்ஸ்காரர்கள் பெருங்கூட்டமாக இதற்குள் வந்தார்கள். 2021 ஜூலையில் ஒரு டோக்கன் 35 சென்ட்டைத் தாண்டியது, தினமும் நூறு டோக்கன் சேர்க்கிறவருக்கு உள்ளூர்க் குறைந்தபட்சக் கூலியைவிட நிறையவே கிடைத்தது. அரிசி வாங்கினார்கள், கடன் அடைத்தார்கள், அந்த நாட்டு நிதித்துறை அதே ஆகஸ்டில் "இந்த வருமானத்துக்கும் வரி உண்டு" என்றது. வருமானம் என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்டது, வேலை என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று பிராணி வாங்கவே அப்போது நூற்றுக்கணக்கான டாலர் தேவைப்பட்டது. இல்லாதவர் என்ன செய்வார்? வைத்திருப்பவரிடம் வாரத்துக்கு, அதாவது வருமானத்தில் பங்கு தருவதாகச் சொல்லி, எடுத்தார். பிராணியின் சொந்தக்காரருக்கு மேனேஜர் என்று பெயர், எடுத்து ஆடுகிறவருக்கு ஸ்காலர் என்று பெயர், இந்த ஏற்பாட்டுக்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர். உதவித்தொகை வாங்கிப் படிக்கிற பிள்ளை போலக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. நடைமுறையில், தினம் இத்தனை டோக்கன் சேர்த்தாக வேண்டும், பல இடங்களில் அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ மேனேஜருக்கு, அளவு தவறினால் வேறு ஆள். காலம் காலமாக நம் ஊரில் வாரம் என்று எதைச் சொல்கிறோமோ அதேதான், நிலத்துக்குப் பதில் பிராணி.

டோக்கன் எங்கிருந்து மதிப்புப் பெற்றது என்று பாருங்கள். புதிய பிராணிகளை இனப்பெருக்கம் செய்யத்தான் எஸ்எல்பி செலவாகும். அந்தப் பிராணிகளை வாங்கப் புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதாவது இன்று ஆடுகிறவரின் கூலி, நாளை சேரப்போகிறவர் கொண்டுவரும் முதல். சேருகிறவர்கள் குறைந்ததும் விலை இறங்கியது, 2022 தொடக்கத்தில் ஒரு சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் நிறுவனம் ஒரு முடிவெடுத்தது: அட்வென்ச்சர் முறையிலும் தினசரி இலக்குகளிலும் இனி எஸ்எல்பி கிடையாது. டோக்கனின் விலையைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள், பொருளாதாரக் கணக்குப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஸ்காலரின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரே ஒரு அப்டேட்டில் தினக்கூலியில் பெரும் பங்கு காணாமல் போனது. பேச்சுவார்த்தை இல்லை, கேட்க ஒரு தொழிலாளர் அலுவலகம்கூட இல்லை, ஏனென்றால் அவர்கள் ஆட்டக்காரர்கள், தொழிலாளிகள் இல்லையே! மார்ச்சில் அந்த கேமின் பணப் பரிமாற்றம் நடக்கும் ரோனின் என்ற பிணையத்தை உடைத்து 60 கோடி டாலருக்கு மேல் திருடினார்கள், வட கொரியாவின் லாசரஸ் என்ற ஹேக்கர் குழு என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. திருட்டுக்கு முன்பே ஸ்காலர்களின் கதை முடிந்துவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, ஆடுவது வேலையாக வேண்டுமென்றால் அதற்குக் காசு கொடுப்பவருக்கு அந்த ஆட்டத்தால் உண்மையான ஒரு பயன் இருக்க வேண்டும். டெஸ்டரால் கேம் சரியாகிறது. போட்டி ஆட்டக்காரரைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், விளம்பரம் வருகிறது. லைவ் போடுகிறவரும் அப்படித்தான், அவர் செய்வது ஒருவகை மேடை நிகழ்ச்சி. இப்படி எதுவுமே இல்லாமல், சும்மா ஆடு காசு தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தக் காசு உன்னைப் போல இன்னொருவனின் பையிலிருந்துதான் வருகிறது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன், அவன் போவது போட்டி ஆட்டத்துக்கு, இ-ஸ்போர்ட்ஸ் என்பார்கள். அதை வேலையாக ஏற்பதில் உலகம் நம் அப்பாக்களைவிட முன்னால் போய்விட்டது. சீனாவின் மனிதவளத் துறை 2019 ஏப்ரலில் வெளியிட்ட புதிய தொழில்களின் பட்டியலில் இ-ஸ்போர்ட்ஸ் வீரர் என்பதும் ஒன்று. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023-ல், இ-ஸ்போர்ட்ஸுக்கு முழுப் பதக்கமே கொடுத்தார்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கேமில் தங்கம் வென்ற தென்கொரிய அணிக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது, அதில் ஃபேக்கர் என்று உலகமே அழைக்கும் லீ சாங்-ஹியோக்கும் இருந்தார். அதே ஆண்டு நடுவில் அவர் கைவலியால் சில வாரம் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடம்பைத் தேய்க்கிற வேலை இது, மணிக்கட்டு, தோள், கழுத்து, கண், தூக்கம், எல்லாமே. கொரியாவில்கூட 2019-ல் வயது வராத ஒரு ஆட்டக்காரரை மிரட்டி நீண்ட ஒப்பந்தத்தில் தள்ளியதாகப் பெரிய புயல் கிளம்பிய பிறகுதான், 2020-ல் சட்டத்தைத் திருத்தி அரசே மாதிரி ஒப்பந்தம் வகுக்கும்படி செய்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் இந்தத் தொழில் நடக்கும் நாட்டிலேயே அவ்வளவு தாமதம்.

நம் நாட்டில் 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் கேம்களைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. நல்லது. ஆனால் இரண்டும் அதை விளையாட்டாகத்தான் பார்க்கின்றன, ஆடுகிறவரைத் தொழிலாளியாகப் பார்க்கவில்லை. 2022 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேமை ஒரே நாளில் ஆப் கடைகளிலிருந்து எடுத்தார்கள், திரும்பி வர 2023 மே ஆனது. அந்தப் பத்து மாதமும் அதை நம்பி ஊரை விட்டு வந்த பையன்களுக்கு யார் சோறு போட்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் பதில் சொல்லவில்லை.

இனி அந்த 12,000. நாளைக்கு 12 மணிநேரம், மாதம் 26 நாள் என்றால் 312 மணிநேரம், மணிக்கு 38 ரூபாய் சொச்சம். தங்குமிடமும் சாப்பாடும் தனி என்பதைச் சேர்த்தாலும் குறைவுதான். காகிதத்தில் அதைச் சம்பளம் என்று எழுதியிருக்கிறார்களா, உதவித்தொகை என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், அநேகமாக இரண்டாவதுதான் இருக்கும். வாரம் 48 மணிநேரம், அதற்கு மேல் இரட்டிப்புக் கூலி என்பதெல்லாம் தொழிலாளிக்குத்தான் என்பதால் அந்தச் சொல்லை எழுத மாட்டார்கள். பிஎஃப் 20 பேர் இருந்தால்தான் கட்டாயம், இஎஸ்ஐ 10 பேருக்கு, அதனால் ஐந்தாறு பேர் கொண்ட அணியில் அதை எதிர்பார்க்க முடியாது. பதிலுக்கு மருத்துவக் காப்பீடு ஒன்றை எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பரிசுப் பணத்தில் அவனுக்கு எத்தனை பங்கு, எத்தனை நாளுக்குள் கைக்கு வரும், நடுவில் விலகினால் அபராதம் உண்டா, எத்தனை மாத ஒப்பந்தம், கேமைத் தடை செய்தால் என்ன ஆகும், இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம், அணியை நடத்தும் அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

அப்பாவிடம் இதை வேலை என்றே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் மகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்போது கேட்கிற கேள்விகளையெல்லாம் அவரும் கேட்பார், அவர் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கல்லூரியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அப்படிச் சொன்னால் நான் அனுப்ப மாட்டேன், ஒரு செமஸ்டர் விடுப்பு என்றால் யோசிப்பேன்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. தம்பி வருஷக்கணக்காக ஆடி உயர்த்திய கேம் ஐடி, அதோடு இணைந்த மின்னஞ்சல், அவனுடைய யூடியூப் சேனல், இவையெல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். அணியின் மின்னஞ்சலுக்கு மாற்றிக் கொடு என்று கேட்டால், அவன் விலகும் நாளில் அவை திரும்பி வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.